நோயாளியைப் பரிசோதிக்கவும் யோசிக்கவும் பழக: புத்தகமா, ஸ்கில் லேபா, சிமுலேஷனா, வார்டா?

வகுப்பு, போஸ்டிங், ரெக்கார்டு எழுதுவது எல்லாம் போக ஒரு நர்சிங் மாணவருக்கு வாரத்தில் மிஞ்சுவது சில மணி நேரம்தான். அதில் நோயாளியைப் பரிசோதிக்கவும், பரிசோதித்ததை வைத்து யோசிக்கவும் பழகலாம் என்று முடிவு செய்தவுடன் அடுத்த கேள்வி வந்துவிடும்: எங்கே போய்ப் பழகுவது? வழக்கமாக நான்கு வழிகள் இருக்கின்றன. புத்தகமும் கேள்வி வங்கியும் ஒன்று. ஸ்கில் லேபில் தோழர்களோடு ஒருவரை ஒருவர் பரிசோதித்துப் பழகுவது இன்னொன்று. மூன்றாவது, டம்மியையோ நடிக்கும் ஆளையோ நோயாளியாக வைத்துப் பழகும் சிமுலேஷன் அறை. நான்காவது வார்டிலேயே கூடுதல் நேரம் நிற்பது. சீனியர்களைக் கேட்டால் "வார்டுக்குப் போ, எல்லாம் தானா வரும்" என்பார்கள். சிலருக்கு வருகிறது. பலருக்கு வருவது வேகம் மட்டும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேறு திறன்களை ஒன்றாகப் பேசுவது. பரிசோதனை என்பது கை, கண், காது சம்பந்தப்பட்டது. மூச்சைச் சரியாக எண்ணுவது, ஸ்டெதாஸ்கோப்பைச் சரியான இடத்தில் வைப்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். யோசனை என்பது, கிடைத்தவற்றில் எது முக்கியம், அது எதைக் காட்டுகிறது, அடுத்து என்ன பார்க்க வேண்டும், யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று முடிவெடுப்பது. ஒன்று வந்தால் மற்றது தானாக வராது. நுரையீரலின் அடிப்பகுதியில் கிராக்கிள்ஸ் என்னும் நொறுநொறுப்புச் சத்தத்தைத் துல்லியமாகக் கேட்டு, அதைக் கேஸ் ஷீட்டில் அழகாக எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுபவர்கள் உண்டு. தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் செப்சிஸின் அறிகுறிகளை ஒப்பித்துவிட்டு, மூச்சை எண்ணாமலேயே 20 என்று எழுதுபவர்களும் உண்டு.

வழிகளை ஒப்பிடுவதற்கு ஒரு கற்பனை நோயாளியை வைத்துக்கொள்வோம். 58 வயதுக்காரர், குடல் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். நாடி 112, மூச்சு நிமிடத்துக்கு 24, இரத்த அழுத்தம் 104/70, வெப்பநிலை 37.9 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜன் வைக்காமலேயே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சாட்சுரேஷன்) 95 சதவீதம். நல்ல நினைவோடு பேசுகிறார், "கொஞ்சம் அசதியா இருக்கு" என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் பதற வைக்காது. ஆனால் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளி மோசமாவதை முன்கூட்டி எச்சரிக்கும் நியூஸ்2 மதிப்பெண் முறையில் கூட்டிப் பாருங்கள். மூச்சுக்கு 2, நாடிக்கு 2, மேல் அழுத்தத்துக்கு 1, சாட்சுரேஷனுக்கு 1. ஆக 6. அந்த முறையில் 5-ஐத் தொட்டாலே மருத்துவரோ, அதற்கான பயிற்சி பெற்றவரோ அவசரமாக வந்து பார்க்க வேண்டும். கூப்பிட வேண்டும் என்பது வரை மதிப்பெண் சொல்லிவிடும். ஏன் இப்படி ஆனது என்று அது சொல்லாது. உள்ளே இரத்தம் கசிகிறதா, தொற்றா, நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் கிடக்கிறதா, நுரையீரலில் இரத்தக்கட்டியா, அடக்கி வைத்திருக்கும் வலியா? அதைத் தேட ஆரம்பிக்கும் இடத்தில்தான் யோசனை தொடங்குகிறது. இந்த 58 வயதுக்காரரை நான்கு இடங்களுக்கும் கூட்டிப் போவோம்.

எதை வைத்து எடைபோடுவது

கை பழகுமா என்பது முதல் அளவுகோல். இயல்பு எது, இயல்புக்கு மாறானது எது என்ற அனுபவம் சேருமா என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: குறிப்பை நீங்களே கண்டெடுக்க வேண்டியிருக்கிறதா, அல்லது யாரோ எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்களா? நான்காவது, நினைப்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமும், தவறினால் உடனே திருத்த ஓர் ஆளும் உண்டா என்பது. ஐந்தாவது, தவறினால் யாருக்குப் பாதிப்பு? ஆறாவது, வெளியே தெரியாத செலவு.

இவற்றில் நான்காவதுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். பொதுவாக எல்லோரும் தேடுவது "நிஜம் போல இருக்கிறதா" என்பதை. நிஜம் நல்லதுதான். ஆனால் நிஜ நோயாளியின் பக்கத்தில் நின்று தவறாக யோசித்துவிட்டு, அது தவறு என்றே தெரியாமல் வீட்டுக்குப் போனால் பழகியது தவறுதான். நர்ஸ்கள் நோயாளியின் பக்கத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று விளக்க, நர்சிங் கல்வியாளர் கிறிஸ்டின் டேனர் 2006-இல் வெளியிட்ட மாதிரியில் நான்கு கட்டங்கள் உண்டு: கவனித்தல், பொருள் காணுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். கடைசிக் கட்டம் தனியாக உட்கார்ந்து நடப்பது அரிது. யாராவது "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று கேட்டால்தான் பெரும்பாலும் நடக்கும்.

புத்தகமும் கேள்வி வங்கியும்

நால்வழியில் மலிவானது, எந்த நேரத்திலும் கிடைப்பது. உடற்கூறும் உடலியங்கியலும் தளர்ந்திருந்தால் வேறு எங்கே போனாலும் பயன் இல்லை என்பதால் இதை அலட்சியப்படுத்த முடியாது. நம் 58 வயதுக்காரரின் அழுத்தம் இன்னும் விழாமல் ஏன் நிற்கிறது என்பதைப் புத்தகம்தான் விளக்கும். இரத்தம் குறையும்போது இதயம் வேகமெடுக்கிறது, இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஆரோக்கியமான வயதுவந்தவர் ஏறத்தாழ 30 சதவீத இரத்தத்தை இழக்கும்வரைகூட மேல் அழுத்தம் தாக்குப்பிடிக்கலாம். அதனால் "பி.பி. நார்மல்" என்பது நிம்மதி தரும் செய்தி இல்லை. இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை அவர் எடுப்பவராக இருந்தால் நாடி 112-க்கு ஏறாமல் 80-லேயே நின்று ஏமாற்றவும் கூடும். இந்த அறிவு தலையில் இல்லாமல் வார்டில் எத்தனை மணி நேரம் நின்றாலும் கண்ணில் படாது.

ஒலிப்பதிவுகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். கிராக்கிள்ஸ், வீஸ், ஸ்ட்ரைடர் என்ற மூச்சு ஒலிகள், இதயத் துடிப்போடு கேட்கும் கூடுதல் ஒலியான முணுமுணுப்பு (மர்மர்) இவற்றை இயர்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்பது உண்மையிலேயே காதைப் பழக்குகிறது. ஒரு போஸ்டிங் முழுவதும் ஒரு நல்ல முணுமுணுப்பு கூடக் கேட்கக் கிடைக்காமல் போகலாம். பதிவில் பத்தையும் ஒரே மாலையில் கேட்டுவிடலாம்.

மறைவான செலவு இங்கே பணத்தில் வருவதில்லை. கேள்வித்தாள் குறிப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. "58 வயது, அறுவைக்குப் பின் இரண்டாம் நாள், நாடி 112" என்று அச்சில் வந்தவுடனேயே ஏதோ பிரச்சினை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். நான்கு விடைகளும் முன்னால் இருக்கின்றன. மூன்றைக் கழித்தால் போதும். வார்டில் இவர் "கொஞ்சம் அசதியா இருக்கு" என்று மட்டும்தான் சொல்லுவார், அதுவும் கேட்டால். அதோடு, படித்த பக்கத்தையே மறுபடி படிப்பது 'தெரியும்' என்ற உணர்வைக் கொடுத்துவிடும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பார்ப்பது அந்த மயக்கத்தைத் தெளிய வைக்கும்.

கேள்வி வங்கியிலும் தரம் பார்த்து எடுக்க வேண்டும். ஒற்றைக் கேள்வி, ஒற்றை விடை என்று போகும் தொகுப்பு யோசனைக்கு அதிகம் உதவாது. ஒரே நோயாளியின் நிலை படிப்படியாக மாறிக்கொண்டே போகும் வகையைத் தேடுங்கள். அமெரிக்காவின் நர்சிங் உரிமத் தேர்வான என்க்ளெக்ஸ் 2023 ஏப்ரலில் மாறியபோது சேர்ந்தது இந்த வகைதான். ஒரு நோயாளிக் கதைக்கு ஆறு கேள்விகள்: குறிப்புகளை இனங்காண், அலசு, எது முதன்மை என்று வரிசைப்படுத்து, தீர்வுகளை யோசி, செயல்படு, பலனை மதிப்பிடு. அந்தத் தேர்வை எழுதாதவர்களுக்கும் இந்த அமைப்பு உதவும். விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் உங்கள் ஊகத்தை எழுதிவிட்டு அப்புறம் பார்த்தால் இன்னும் நல்லது.

ஸ்கில் லேபில் தோழர்களோடு

இதைப் பலரும் முதலாமாண்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறார்கள். என் கணிப்பில் நால்வழியில் மிகவும் குறைத்து மதிக்கப்படுவது இதுதான்.

கை பழகுவது இங்கேதான். வயிற்றுக்கு மட்டும் வரிசை மாறும்: முதலில் பார், பிறகு கேள், அப்புறம் தட்டு, கடைசியில் தொடு. அழுத்திவிட்டுக் கேட்டால் குடல் ஒலி மாறிவிடலாம் என்பதால். இதைப் படித்தால் ஒரு வரி. பத்துப் பேரின் வயிற்றில் செய்தால் கை தானாக அந்த வரிசையில் போகும். பி.பி. எடுக்கக் கையில் சுற்றும் கஃப் சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் அப்படியே. ஒரே தோழரின் கையை மூன்று விதமாக வைத்து எடுத்துப் பாருங்கள், எண் எவ்வளவு மாறுகிறது என்று கண்ணால் பார்த்தபின் மறக்காது. சட்டையின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் துணி உரசுவதே கிராக்கிள்ஸ் போலக் கேட்கும் என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

மூச்சு எண்ணுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நோயாளி மோசமாவதை முன்கூட்டிக் காட்டும் எண்களில் முதன்மையானது அது. அதிகம் ஊகித்து எழுதப்படுவதும் அதுதான். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சுவிடும் விதமே மாறிவிடும் என்பதால், நாடியைப் பிடித்தபடியே பேச்சுக் கொடுக்காமல் மார்பைப் பார்த்து முழு 60 விநாடி எண்ண வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே ஆளை எண்ணித் தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குபவர் ஒரு மூச்சைத் தவறவிட்டால் கணக்கில் நான்கு போய்விடும். நம் நோயாளிக்கு 24 என்பது 20 ஆகிவிட்டால் நியூஸ்2-இல் 2 மதிப்பெண் காணாமல் போகும். 6 என்பது 4. அவசர அழைப்புக்கான எல்லைக்குக் கீழே. ஒரு சோம்பேறித்தனமான எண்ணிக்கை மருத்துவரை அழைக்காமல் தடுத்துவிடும்.

இன்னொரு லாபம், இயல்பின் அகலம் தெரிவது. ஓட்டப் பயிற்சி செய்யும் தோழருக்கு நாடி 50-களில் இருக்கும், அவர் நன்றாகவே இருப்பார். இளம் வயதினரின் நாடி மூச்சை இழுக்கும்போது கூடி, விடும்போது குறையும். முதல்முறை கேட்பவர் தாளக்கோளாறு என்று நினைத்துவிடுவார். இயல்பானதையே நிறையக் கேட்டுப் பழகிய காதுக்கு மாறுபட்டது தானாக உறுத்தும்.

குறைகள்? தோழர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வயது, பெரும்பாலும் நலமாக இருப்பவர்கள். கல்லீரல் பெருத்த வயிறு, முதுமையில் மெலிந்த மார்பு, வீங்கிய கால் எதுவும் கிடைக்காது. நம் 58 வயதுக்காரர் இங்கே வரவே மாட்டார். சரிபார்ப்புப் பட்டியலை டிக் அடித்து முடிப்பதே குறிக்கோளாகிவிடும் ஆபத்தும் உண்டு. இருவருக்கும் தெரியாத தவறை இருவரும் சேர்ந்தே பழகிக்கொள்ளலாம். அதற்கு மூன்று பேராகச் செய்வது நல்லது: ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ், மூன்றாமவர் கையில் பட்டியலோடு பார்வையாளர். ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி செய்முறைத் தேர்வின் அடிப்படையும் இதுவே. நிலையம் நிலையமாகப் போய், ஒவ்வொன்றிலும் ஒரே பட்டியலால் எல்லோரையும் மதிப்பிடுவது.

வெளியே பேசப்படாத ஒரு செலவும் இருக்கிறது. தோழியின் மார்பையோ வயிற்றையோ பரிசோதிக்கும்போது அவரிடம் மனதாரச் சம்மதம் கேட்க வேண்டும், மறுத்தால் காரணம் கேட்கக் கூடாது. எதிர்பாராமல் ஒரு முணுமுணுப்போ உயர்ந்த அழுத்தமோ தென்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் முன்னால் சத்தமாகச் சொல்லாமல் ஆசிரியரிடம் தனியாகச் சொல்வது சரி.

சிமுலேஷன்

டம்மியை வைத்துப் பயில்வது நர்சிங்கில் நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஆளை ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் மருத்துவக் கல்விக்குள் கொண்டுவந்தார். இன்று மூச்சுவிடும், பேசும், நாடி துடிக்கும் டம்மிகளும் கணினியில் சொடுக்கிப் பேசும் மெய்நிகர் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

சிமுலேஷனின் தனிப் பலம், மோசமாவதை முழுமையாகப் பார்க்க விடுவது. நம் நோயாளியின் நாடி 112-லிருந்து 130-க்கு ஏறுவதை, அழுத்தம் 85-க்கு விழுவதை, நீங்கள் தயங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே கடைசிவரை ஓட்டிப் பார்க்கலாம். வார்டில் அப்படி நடந்தால் மாணவரைப் பின்னால் தள்ளிவிட்டு மற்றவர்கள் முன்னால் வந்துவிடுவார்கள். வரவும் வேண்டும். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற எஸ்பார் வரிசையில் அரை நிமிடத்தில் சொல்லிப் பழகுவதற்கும் இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவின் மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் 2014-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், வழக்கமான மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை தரமான சிமுலேஷனால் மாற்றியும் மாணவர்களின் அறிவிலும் திறனிலும் குறை தெரியவில்லை. அந்த முடிவைப் படிக்கும்போது "தரமான" என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், முறையாகத் திட்டமிட்ட காட்சிகள், முடிந்தபின் முறைப்படி உட்கார்ந்து பேசும் டீப்ரீஃபிங் எல்லாம் சேர்ந்த முடிவு அது. விலையுயர்ந்த டம்மியை அறையில் வைத்துவிட்டு டீப்ரீஃபிங்கை ஐந்து நிமிடத்தில் முடிக்கும் இடத்துக்கு அந்த முடிவு பொருந்தாது. காட்சி பதினைந்து நிமிடம் ஓடினால் பேச்சு குறைந்தது அதே நேரமாவது நீள வேண்டும். பாடம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. கூடுதல் சிமுலேஷன் நேரத்துக்குப் பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி டம்மியின் மாடலைப் பற்றியது இல்லை. யார் டீப்ரீஃபிங் நடத்துகிறார், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

மறைவான செலவுகளை அடுக்கினால்: ஆறு பேர் உள்ளே போனால் ஒருவர் முடிவெடுக்கிறார், மற்றவர்கள் கருவி எடுத்துக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான டம்மிகளுக்குத் தோல் வெளிறாது, கை சில்லிடாது. நகத்தை அழுத்திவிட்டு இரண்டு விநாடிக்குள் சிவக்கிறதா என்று பார்க்க முடியாததால் ஆசிரியர் அதை வாயால் சொல்லிவிடுவார். நுரையீரல் ஒலி ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் மட்டும் கேட்கும். கூடவே, அந்த அறையில் படுத்திருக்கும் யாரும் நலமாக இருப்பதில்லை என்று உள்ளே போகும்போதே தெரியும். அதனால் எல்லாவற்றிலும் ஆபத்தைத் தேடும் பழக்கம் வரும். வார்டில் கடினமானது அதற்கு நேர்மாறு: நலமாக இருக்கும் பலருக்கு நடுவே ஒருவரை அடையாளம் காண்பது.

மெய்நிகர் நோயாளி தனியாகப் பழக வசதிதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் திரையில் பட்டியலாக இருந்தால் அது கேள்வி வங்கியின் அழகான வடிவம்தான்.

வார்டில் கூடுதல் நேரம்

வெளிறிய தோல், வியர்வையின் வாடை, வலியை மறைக்கும் முகம், "நேத்து மாதிரி இல்ல" என்று சொல்லும் மனைவி. இவை வேறெங்கும் கிடைக்காது. நம் நோயாளியின் காயக்கட்டில் ஈரம் இருக்கிறதா, அறுவை செய்த இடத்திலிருந்து குழாய் வழியே திரவம் வடியும் டிரெயின் பையில் என்ன நிறம், எவ்வளவு. சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் குறைந்திருக்கிறதா, கெண்டைக்கால் வீங்கியிருக்கிறதா, ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்துகிறாரா? எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாத இடத்தில் இவற்றை நீங்களாகத் தேடிப் பார்ப்பது வார்டில் மட்டும்தான் முடியும். மூன்றாவது அளவுகோலில் இதற்கு ஈடே இல்லை.

நான்காவதில் எல்லாம் அதிர்ஷ்டம். உங்களோடு நிற்கும் சிஸ்டருக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் இருந்தால், அவருக்கு அன்று நேரமும் இருந்தால், ஒரு ஷிப்ட் ஒரு மாத வகுப்புக்குச் சமம். இல்லாவிட்டால் நாள் முழுவதும் பி.பி. எடுத்து எழுதிவிட்டு வருவீர்கள். அவசரமான வார்டில் மாணவர் முதலில் இரண்டு கூடுதல் கைகள்தான். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, வேலை அப்படி. ஆனால் எண்களை எழுதிக்கொண்டே போவதற்கும் எண்களைப் படிப்பதற்கும் நடுவே பெரிய தூரம். கூடுதல் நேரம் நின்றதால் மட்டும் அந்தத் தூரம் குறையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டுப் படுக்கைக்குப் போனால் நோய் ஏற்கெனவே தெரியும். "நிமோனியா" என்று எழுதியிருந்தால் இல்லாத கிராக்கிள்ஸ்கூடக் கேட்கும். எழுதியிருக்கும் நோயோடு பொருந்தாத குறிப்பைக் கண் தாண்டிப் போய்விடும். வார்டின் குறுக்கு வழிகளும் ஒட்டிக்கொள்ளும்: மூச்சை ஊகித்து எழுதுவது, போன ஷிப்டின் எண்ணையே திரும்ப எழுதுவது. நல்ல வழக்கம் எது, குறுக்கு வழி எது என்று பிரித்தறிய முன்பே ஓர் அளவுகோல் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் லேபை முடிக்காமல் வார்டில் நேரத்தைக் கொட்டுவதை நான் ஆதரிப்பதில்லை.

நோயாளியின் பக்கமும் இருக்கிறது. வயிறு வலிக்கும் ஒருவரை நாலைந்து மாணவர்கள் வரிசையாகத் தட்டிப் பார்ப்பது அவருக்குத் தண்டனை. மாணவர் என்று சொல்லிச் சம்மதம் கேட்பது, மறுத்தால் முகம் சுளிக்காமல் நகர்வது, தென்பட்டதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்வது இவை பேரத்துக்கு உட்பட்டவை இல்லை. 24 மூச்சு என்று எண்ணிவிட்டு, சரியாக எண்ணினோமா என்ற சந்தேகத்தில் பேசாமல் இருப்பதைவிட, "நான் 24 எண்ணினேன், ஒரு தடவை பார்க்கிறீர்களா சிஸ்டர்?" என்று கேட்டுவிடலாம். தவறாக இருந்தால் ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

வார்டு நேரத்தைப் பயனுள்ளதாக்க ஒரு முறை உண்டு. அனுமதி வாங்கிக்கொண்டு, நிலை சீராக இருக்கும் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் முதலில் அவரிடம் பேசிப் பரிசோதியுங்கள். தென்பட்டவை, அவற்றுக்கு இரண்டு சாத்தியமான காரணங்கள், அடுத்த சில மணி நேரத்தில் என்ன மாறலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கேஸ் ஷீட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். மறுநாள் அதே நோயாளியைத் திரும்பப் பாருங்கள், உங்கள் ஊகம் பலித்ததா என்று. ஒரு ஷிப்டில் ஒருவர் போதும். இருபது பேருக்கு பி.பி. எடுப்பதைவிட இதில் கற்பது அதிகம்.

ஒரு பார்வையில்

| அளவுகோல் | புத்தகம், கேள்வி வங்கி | ஸ்கில் லேப் | சிமுலேஷன் | வார்டு |
|---|---|---|---|---|
| கை பழகுவது | இல்லை | மிக நன்று | ஓரளவு | நன்று, அடிப்படை இருந்தால் |
| இயல்பின் அகலம் | எண்ணளவில் மட்டும் | நன்று, இளைஞரில் | குறைவு | மிக நன்று |
| குறிப்பைத் தானே தேடுவது | இல்லை | குறைவு | பாதி | முழுமையாக |
| வாய்விட்டு யோசித்தல், திருத்தம் | விடைக் குறிப்பு மட்டும் | மூன்றாமவர் இருந்தால் | டீப்ரீஃபிங் நன்றாக இருந்தால் மிக நன்று | உடன் நிற்பவரைப் பொறுத்தது |
| தவறின் பாதிப்பு | இல்லை | சங்கடம் | பதற்றம் | நோயாளிக்கு |
| மறைவான செலவு | தெரியும் என்ற மயக்கம் | இருவரும் ஒரே தவறு | முடிவெடுக்கத் தன் முறை வராமை, எல்லாம் ஆபத்தாகத் தெரிவது | குறுக்கு வழிகள், முன்முடிவு |

யாருக்கு எது

இப்போதுதான் தொடங்குபவர் யோசிக்கவே வேண்டாம், லேப். புத்தகத்தை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், அன்று லேபில் செய்யப்போகும் உறுப்பை முந்தின நாள் படிக்கும் அளவுக்கு. இந்தக் கட்டத்தில் தலைமுதல் கால்வரை என்ற முழு வரிசையைப் பழகுங்கள். மூச்சுவழி, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு, முழுஉடல் பார்வை என்ற ஏபிசிடிஈ வரிசையை அதற்கு அப்புறம் சேர்க்கலாம். முதலாவது எதையும் விட்டுவிடாமல் இருக்க, இரண்டாவது உயிருக்கு ஆபத்தானதை முதலில் பிடிக்க. நம் 58 வயதுக்காரரிடம் ஏபிசிடிஈ-யில் தொடங்குவதுதான் சரி, தலைமுடியிலிருந்து ஆரம்பித்தால் வயிற்றுக்கு வருவதற்குள் நேரம் போய்விடும்.

எழுத்துத் தேர்வு நெருங்கிவிட்டால் கேள்வி வங்கி, மேலே சொன்ன தொடர்கதை வகை. செய்முறைத் தேர்வு என்றால் மூவர் குழுவோடு லேப். தேர்வுக்கு முந்தின வாரத்தில் வார்டில் கூடுதல் நேரம் நிற்பதால் மதிப்பெண் கூடாது.

அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை மாதிரியான பிரிவில் சேரப் போகிறவருக்கு, அல்லது நிலைமை மோசமாகும்போது கைகால் ஓடாமல் உறைந்துபோகிறவருக்குச் சிமுலேஷன். பணம் கட்டிச் சேர வேண்டியிருந்தால், டீப்ரீஃபிங்கைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

பரிசோதனை கைக்கு வந்துவிட்டது, ஆனால் "அதனால் என்ன?" என்று கேட்டால் பதில் வரவில்லை என்பவருக்கு வார்டு, அந்த ஒரு நோயாளி முறையில். கேள்வி கேட்கும் சிஸ்டர் இருக்கும் ஷிப்டாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. பிடித்த வார்டைவிடப் பிடித்த ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது இங்கே புத்திசாலித்தனம்.

சிமுலேஷன் அறையே இல்லாத இடத்தில் படிப்பவர்கள் வருத்தப்பட அதிகம் இல்லை. மூன்று பேர், ஒரு தாள், ஒரு கடிகாரம் இருந்தால் யோசனைப் பயிற்சியைச் செலவில்லாமல் நடத்தலாம். ஒருவர் நம் 58 வயதுக்காரரைப் போன்ற ஒரு நோயாளியின் விவரங்களை எல்லாம் தாளில் எழுதி மறைத்து வைத்துக்கொள்கிறார். "கொஞ்சம் அசதியா இருக்கு" என்பதை மட்டும் சொல்லித் தொடங்குகிறார். இரண்டாமவர் கேட்பதற்கு மட்டும் பதில் கிடைக்கும். டிரெயினைப் பற்றிக் கேட்காவிட்டால் டிரெயின் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஏன் அதைக் கேட்கிறார் என்று அவர் சொல்ல வேண்டும். மூன்றாமவர் எதுவும் பேசாமல் குறித்துக்கொண்டே இருக்கிறார். பத்தாவது நிமிடத்தில் நிறுத்தி, மருத்துவரை அழைப்பதுபோல எஸ்பார் வரிசையில் பேசச் சொல்லுங்கள். அதன்பின் மூன்றாமவர் தன் குறிப்பைப் படிக்கட்டும்: எது கேட்கப்பட்டது, எது விடுபட்டது, எந்த இடத்தில் ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்தார். முடிந்ததும் இடம் மாறிக்கொள்ளலாம். அடுத்த தாளில் நோயாளி நலமாக இருக்கட்டும், அசதிக்குக் காரணம் இரவு முழுவதும் பக்கத்துப் படுக்கைக்காரரின் குறட்டை என்று வையுங்கள். தேவையில்லாமல் மருத்துவரை எழுப்புகிறாரா என்றும் தெரிந்துவிடும்.